அடக்கம்: அடங்கியவர் யார், அடக்கியவர் யார்?

ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் உட்பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டுபவருக்கு ஒரே சொல் மூன்று வேடங்களில் எதிர்ப்படுவது உண்டு. ‘மணமகள் தேவை’ பகுதியில் ‘படித்த, அடக்கமான பெண்’ என்று இருக்கும். கறுப்புக் கட்டமிட்ட இரங்கல் அறிவிப்பில் ‘இன்று மாலை 4 மணிக்கு நல்லடக்கம்’ என்று இருக்கும். கடைசிப் பக்கத்துத் துணிக்கடை விளம்பரம் ‘அடக்க விலைக்கே விற்பனை’ என்று கூவும். தமிழை அண்மையில் கற்கத் தொடங்கிய ஒருவர் இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, நற்குணத்துக்கும் புதைகுழிக்கும் சேலை விலைக்கும் என்ன உறவு என்று கேட்டால், அது மிகவும் நியாயமான கேள்வி. அகராதியைப் பார்த்தாலும் அவர் குழப்பம் தீராது. அது பொருள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் ஓர் எல்லைக்குள் வந்து நிற்பது என்பதுதான். பரவியிருந்த ஒன்று ஓரிடத்துக்குள் கொள்ளும்போது அது அடங்குகிறது. உள்ளங்கைக்குள் கொள்ளும் நூல் கையடக்கப் பதிப்பு. இலங்கைத் தமிழர் செல்பேசியைக் கையடக்கத் தொலைபேசி என்று சொல்வதும் இந்தக் கணக்கில்தான். ஒரு நூலுக்குள் கொள்ளும் செய்திகள் உள்ளடக்கம். ஒரு சிற்றூரில் எந்தச் சர்வே எண்ணில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற விவரங்களையெல்லாம் தனக்குள் கொண்ட கிராமக் கணக்குக்கு அடங்கல் என்று பெயர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரின் தேவாரப் பாடல்களையும் ஒன்றாகத் தொகுத்தால் அது அடங்கன்முறை. கடைக்காரர் சரக்கை வாங்கிய விலையையும் வண்டிக் கூலியையும் இன்ன பிற செலவுகளையும் உள்ளே வைத்துக் கூட்டிய தொகை அடக்க விலை. உடலை மண் தனக்குள் வாங்கிக்கொள்வது நல்லடக்கம்; தமிழ் முஸ்லிம்கள் இறைநேசர்களின் கல்லறையை அடக்கத்தலம் என்கிறார்கள்.

எல்லைக்குள் வருவது என்பதிலிருந்து தணிவது என்ற பொருளுக்கு ஓர் அடிதான். இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் அடுப்படி. பருப்பு வைத்த குக்கர் நான்கு விசில் விட்டவுடன் அடுப்பை அணைத்துவிட்டு, மூடியின் மேல் கை வைக்கப் போன பிள்ளையைப் பார்த்து அம்மா சொல்வது, ‘இரு, அடங்கட்டும்’ என்ற இரண்டே சொற்கள். அந்தச் சில நிமிடங்களில் குக்கருக்கு வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்வதில்லை. உள்ளே முட்டிக்கொண்டிருந்த ஆவி தானாகத் தணிகிறது, வெயிட் தளர்கிறது, அதன் பிறகு மூடி எதிர்ப்பில்லாமல் திறக்கிறது. அவசரக்காரர்கள் வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியைச் சீறவிடுவதும் உண்டு; அதை யாரும் ‘அடங்கிவிட்டது’ என்று சொல்வதில்லை. காற்று அடங்குவதும், பசி அடங்குவதும், இரவு பத்து மணிக்கு மேல் தெரு அடங்குவதும், முதியவரின் மூச்சு அடங்குவதும் இதே வகையைச் சேர்ந்தவை. ஊர் இப்படித் தானாக அடங்குவதைக் குறித்த சொல்லே பிறகு அரசாணையின் பெயராகவும் ஆகி, ஊரடங்கு உத்தரவு என்று வழங்குகிறது. 2020 மார்ச் 22 அன்று நாடு முழுவதும் மக்கள் வீட்டுக்குள் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டபோது தமிழ்ச் செய்திகள் அதைச் ‘சுய ஊரடங்கு’ என்று எழுதின. மூன்று நாள் கழித்து, 25ஆம் தேதி, நாடு தழுவிய பொதுமுடக்கம் ஆணையாக வந்தபோது ‘சுய’ உதிர்ந்துபோய் வெறும் ஊரடங்கு மட்டும் மிஞ்சியது. தானாக அடங்குவதற்கும் பிறர் அடக்குவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாக வேறு எந்த நிகழ்வும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

அந்த வேறுபாடுதான் இச்சொல்லின் சாவி. அதைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் இலக்கணம் தேவைப்படுகிறது. தமிழில் திரும்பு, திருப்பு என்றும், இறங்கு, இறக்கு என்றும், திருந்து, திருத்து என்றும் வினைகள் இணை இணையாக நிற்பதைக் கவனித்திருக்கலாம். மெல்லின எழுத்து நடுவில் நின்றால் செயல் தானாக நடக்கிறது. அது வல்லினமாக மாறினால் ஒருவர் அதை நடத்துகிறார். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. அடங்கு, அடக்கு என்பதும் இத்தகைய இணைதான். ‘அவன் கோபம் அடங்கியது’ என்னும்போது கோபம் தானே தணிந்தது. ‘அவன் கோபத்தை அடக்கினான்’ என்னும்போது அவன் முயன்று, ஒருவேளை பல்லைக் கடித்துக்கொண்டு, அதைப் பிடித்து நிறுத்தினான். அடக்குவதற்கு ‘எதை, யாரை’ என்ற கேள்வி எழும். அடங்குவதற்கு ‘எதற்குள், யாருக்கு’ என்ற கேள்வி எழும். ‘பிள்ளை தாத்தாவுக்கு மட்டும்தான் அடங்குவான்’ என்று வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்போம். தாத்தா அடக்குகிறார் என்று அதற்குப் பொருள் இல்லை. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கவும் கூடும்.

வினையாக இருக்கும்வரை இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் இந்த இரண்டும் பெயர்ச்சொல் ஆகும்போது ஒன்றாகிவிடுகின்றன என்பதுதான் சிக்கல். மயங்கு என்பது மயக்கம் ஆவதும், தயங்கு என்பது தயக்கம் ஆவதும், உறங்கு என்பது உறக்கம் ஆவதும் போல, அடங்கு என்பதும் அடக்கம் ஆகிறது. அடக்கு என்பதிலிருந்தும் அதே அடக்கம்தான் பிறக்கிறது. ஆகவே ‘அடக்கம்’ என்று மட்டும் எழுதிவிட்டால், அந்த மனிதர் தானே தணிந்தாரா, தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொண்டாரா, அல்லது வேறொருவர் அவர் தலையில் தட்டி உட்கார வைத்தாரா என்பது சொல்லுக்குள் தெரிவதில்லை. அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எழுதுகிறவருக்கு இந்த மங்கல் சில நேரம் வசதி, சில நேரம் வம்பு.

ஐயம் எழாதபடி எழுத வேண்டுமானால் ‘தன்னடக்கம்’ என்று எழுதலாம்; அது எப்போதும் பாராட்டு. மறுபக்கம் ‘அடக்குமுறை’ எப்போதும் கண்டனம். இரண்டுக்கும் நடுவே அகன்று கிடக்கும் இடத்தில்தான் வெறும் அடக்கம் உலவுகிறது.

பண்பு என்ற பொருளில் இச்சொல்லைப் புரிந்துகொள்ளத் திருக்குறளின் 13ஆம் அதிகாரமான அடக்கமுடைமைக்குப் போவது வழக்கம். அங்கே ஒரு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. 121 முதல் 130 வரையுள்ள அந்தப் பத்துக் குறள்களில் ஒருவரை இன்னொருவர் அடக்கும் பேச்சே கிடையாது. தன் நிலையிலிருந்து மாறாமல் ‘அடங்கியான்’ மலையைவிடப் பெரியவனாகத் தோன்றுவான் என்கிறது 124. இங்கே வினை தானாக அடங்குவது. ஆமை தன் உறுப்புகளை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வதைப் போல ‘ஐந்தடக்கல்’ வேண்டும் என்கிறது 126. இங்கே அடக்குகிறவரும் அடக்கப்படுவதும் ஒரே உடலுக்குள் இருக்கின்றன. நாவைக் காக்கச் சொல்லும் புகழ்பெற்ற குறளும், தீயினால் சுட்ட புண் ஆறினாலும் நாவினால் சுட்ட வடு ஆறாது என்ற குறளும் இந்த அதிகாரத்தில்தான் வருகின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வள்ளுவர் அடக்கம் என்று சொன்னது தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை அன்று. வாயையும் புலன்களையும் ஆளத் தெரிந்திருப்பதை.

இதைவிட நுட்பமாக இச்சொல் ஆளப்பட்ட இடம் புறநானூற்றின் 191ஆம் பாட்டு. ஆண்டுகள் பல ஆகியும் உமக்கு நரை தோன்றவில்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன விடையாக அமைந்தது அது. மனைவியும் மக்களும் நிறைந்த குணத்தவர், ஏவலர் என் மனம் அறிந்தவர், வேந்தன் தீமை செய்யாமல் காப்பவன் என்று அடுக்கிக்கொண்டு வந்து, இவற்றுக்கெல்லாம் மேலாக என் ஊரில் ‘ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்’ பலர் இருக்கிறார்கள் என்று முடிக்கிறார். ஆன்று, அவிந்து, அடங்கிய என்ற மூன்று வினைகளும் அதே வரிசையில்தான் வர வேண்டும். முதலில் நிறைய வேண்டும். பிறகு உள்ளே கொதித்தது தணிய வேண்டும். அதற்குப் பிறகே அடங்குதல். நிறையாதவரிடம் அடங்குவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஒன்றும் தெரியாததால் பேசாமல் இருப்பவரையும் அச்சத்தால் வாய் மூடியிருப்பவரையும் அடக்கமானவர் என்று நாம் தாராளமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழைய புலவர் சொல்லியிருக்க மாட்டார்.

இலக்கியத்தில் இன்னொரு கூட்டுச்சொல் இருக்கிறது: அவையடக்கம். நூல் தொடங்கும் புலவர் கற்றோர் அவையின் முன் தம் சிறுமையைச் சொல்லிப் பொறுத்தருளக் கேட்கும் பகுதி இது. ‘அவையடக்கியல்’ என்ற பெயரில் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இதற்கு இடம் உண்டு. கம்பர் இராமன் கதையைத் தொடங்கும்போது, அலையோசை மிகுந்த பாற்கடலின் கரையில் வந்து நின்ற ஒரு பூசை அதை முழுதும் நக்கிக் குடித்துவிடப் புகுந்தது போல நானும் ஆசைப்பட்டு இக்கதையைச் சொல்ல வந்தேன் என்கிறார். பூசை என்பது இங்கே வழிபாடு அன்று, பூனை. கடலின் முன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பூனையின் உருவத்தை ஒரு கணம் கண் முன் கொண்டுவந்து பார்த்தால், தன்னைத் தாழ்த்திக்கொள்வதிலும் எவ்வளவு குறும்பு இருக்க முடியும் என்பது தெரியும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடப்போகிறவர் பேசுகிற பேச்சு இது. அவையடக்கம் என்ற சொல்லையும் இரண்டு விதமாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. அவையின் முன் புலவர் அடங்குவதும் அவையடக்கம்; அந்தப் பணிவான சொற்களால் குறை சொல்லக் காத்திருந்த அவையைப் புலவர் அடக்கிவிடுவதும் அவையடக்கம். பூனையை எதிர்த்து யார் வாதாடுவது?

இனி, ஒருவருடைய செருக்கு பிறரால் அடங்குவதற்கு வருவோம். இதற்கான வழக்குகள் பேச்சுத் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. கொட்டம் அடங்கியது, ஆட்டம் அடங்கியது, திமிர் அடங்கியது என்பவற்றில் எழுவாயைக் கவனிக்க வேண்டும். அடங்கியது மனிதர் அன்று, அவருடைய கொட்டம். ‘பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டான்’ என்னும்போதுதான் மனிதரே அடங்குகிறார். பாம்பு சாதுவாகிவிடவில்லை, மூடி விழுந்திருக்கிறது என்ற எச்சரிக்கையும் அந்த உவமைக்குள் இருக்கிறது. ‘மூக்கறுபட்டான்’ என்றால் நாலு பேர் முன்னிலையில் அவமானப்பட்டான் என்று பொருள். அதன் பிறகு அவன் அடங்கினானா என்பது தனிக் கதை. நேற்றுவரை மேடைக்கு மேடை முழங்கியவர் தேர்தலில் தோற்ற பிறகு குரலைக் குறைத்துக்கொண்டால் ‘இப்போது அடக்கி வாசிக்கிறார்’ என்பார்கள். நாகசுரமோ தவிலோ ஓசையைத் தணித்து வாசிப்பதிலிருந்து வந்த வழக்கு அது.

கற்பவருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ‘அடங்கு’ என்பதை ஏவலாக, நேரே ஒருவரைப் பார்த்துச் சொல்வது கடுமையானது. நெருங்கிய நண்பர்கள் கேலியாகச் சொல்லிக்கொள்ளலாம், மற்றவரிடம் சொன்னால் சண்டைதான். பெரியவர் ஒருவரைப் பற்றி ‘ஐயா அடங்கிவிட்டார்’ என்று எழுதினால், துறவிகளின் சமாதியைக் குறிக்கும் பொருளில் எடுத்துக்கொண்டு சிலர் துக்கம் விசாரிக்க வந்தாலும் வந்துவிடுவார்கள். வியப்பில் சொல்லும் ‘அடேங்கப்பா’ என்பதற்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு உறவு இல்லை. அது ‘அடே’ என்ற விளியில் தொடங்குவது.

புராணக் கதைகளில் இதற்கென்றே கர்வபங்கம் என்ற வடசொல் வழங்குகிறது. கர்வம் உடைபடுதல் என்பது நேர்ப்பொருள். கயிலை மலையைப் பெயர்க்க முயன்ற இராவணனைச் சிவபெருமான் கால்விரலை ஊன்றி நெரித்த கதை இவற்றில் தலையாயது. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடலை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஊன்றுதல், நெரித்தல், அடர்த்தல் என்று அப்பாடல்களில் வரும் வினைகள் எல்லாம் மேலிருந்து கீழே அழுத்துபவை. ஆனாலும் நசுங்கியவன் இசை பாடி இறைஞ்சியதும் அவனுக்கு அருளும் வாளும் கிடைத்ததும் உடன் பேசப்படுகின்றன. உடைப்பவர் பிறகு அணைப்பவராகவும் இருந்தால்தான் கர்வபங்கம் கதையாக நிலைக்கிறது போலும்.

அணைப்பு இல்லாத அடக்குதலும் உண்டு என்பதை மறைத்துவிட்டு இச்சொல்லை விளக்கினால் அது பாதி விளக்கம்தான். முதலில் சொன்ன மணமகள் விளம்பரத்துக்கே திரும்புவோம். மணமகன் தேவை என்று வரும் விளம்பரங்களில் நல்ல வேலை, நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் இல்லாதவர் என்றெல்லாம் இருக்கும்; ‘அடக்கமான’ என்ற அடைமொழியைத் தேடினாலும் காண்பது அரிது. குறளில் அடங்கியான் என்று ஆணுக்குச் சொல்லப்பட்ட பண்பு, நடைமுறையில் பெண்ணின் மேல் மட்டும் ஏற்றப்பட்டு, ‘அடக்க ஒடுக்கமான பெண்’ என்று ஒடுக்கத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. மறுத்துப் பேசும் பெண்ணுக்கு அடங்காப்பிடாரி என்று பெயர் வைக்கிறார்கள். பிடாரி ஊரைக் காக்கும் தெய்வம் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் ‘அடங்க மறு’ என்ற முழக்கம் இந்த இலக்கணத்தைத் துல்லியமாகப் பயன்படுத்துகிறது. அடக்குகிறவர்களைப் பார்த்து ‘அடக்காதே’ என்று அது கேட்கவில்லை. அடங்குவது அடங்குகிறவரின் செயல், அதை அவர் மறுக்கலாம் என்று தன்வினையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறது. இதற்குப் பக்கத்தில் ‘தாழ்ந்த சாதி’, ‘தாழ்த்தப்பட்டோர்’ என்ற இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். முன்னது, தாழ்வு இயல்பாக வந்ததுபோல நடிக்கிறது. பின்னதில் உள்ள ‘பட்ட’, தாழ்த்தியவர் ஒருவர் இருக்கிறார் என்று விரல் நீட்டுகிறது. ஒரு துணைவினைக்குள் ஒரு வழக்கே நடக்கிறது.

தாழ்மை என்ற அந்தச் சொல்லே கிறித்தவத் தமிழில் உயர்ந்த பண்பு. தன்னை உயர்த்துகிறவன் தாழ்த்தப்படுவான் என்ற லூக்கா நற்செய்தியின் வாக்கு பலருக்கும் தெரிந்தது. அலுவலக விண்ணப்பங்களில் அது ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று தேய்ந்து நிற்கிறது. பணிவு என்பது வேறு. அதற்கு எதிரே ஒருவர் வேண்டும். ஆளில்லாத அறையில் அடக்கமாக இருக்க முடியும், பணிவாக இருக்க முடியாது.

கடைசியாக, இக்காலத்தில் அடிக்கடி எழும் ஓர் ஐயம். விருது பெறுகிறவர்கள் மேடையில் ‘ஹம்பிளாக உணர்கிறேன்’ என்று சொல்வது பரவிவிட்டதால், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். எங்கள் உறவினர் ஒருவருடைய பணி நிறைவு விழாவில் இதற்கு விடை கிடைத்தது. ஏற்புரையை அவருடைய மகன் முன்னதாகவே ஆங்கிலத்தில் எழுதி, ஏதோ ஒரு செயலியில் போட்டுத் தமிழாக்கிக் கொடுத்திருந்தார். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ‘இந்தத் தருணத்தில் நான் மிகவும் தாழ்த்தப்பட்டதாக உணர்கிறேன்’ என்று படித்தார். அரங்கில் சிறு அமைதி. என் பக்கத்தில் இருந்த அத்தை, ‘அண்ணனை யார் என்ன சொல்லிட்டாங்க?’ என்று காதோரம் கேட்டார். மேடையில் இருந்தவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ‘இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், இவ்வளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார்.